கடைமடை அறை

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கிக் கொஞ்சம் சீர்படுத்தியிருக்கிறோம்.)

இதை நீங்க ஆபீஸுக்குப் போகிற வழியில் ரயிலிலோ பஸ்ஸிலோ கேட்டுக்கிட்டு இருந்தால், முதலில் ஒரு கேள்வி. உங்க பையில் இப்போ சால்வையோ ஸ்வெட்டரோ இருக்கா? சென்னையில், மே மாதத்தில், வெளியே வெயில் 40 டிகிரி கொளுத்தும்போது, உள்ளே குளிருதுன்னு ஸ்வெட்டர் எடுத்துப் போகிற ஆட்கள் நாம். யோசிச்சா சிரிப்பு வருது. ஆனா அதே ஆபீஸில் வேறொரு மூலையில் ஒருத்தர் மேஜை மேல் சின்ன ஃபேன் வைத்துக்கொண்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். அதையும் பார்த்திருப்பீங்க.

ஒரே கட்டடம், ஒரே ஏசி, ஒரே மின்சார பில். ஒரு மாடியில் சால்வை, இன்னொரு மாடியில் டேபிள் ஃபேன். இன்றைக்கு நான் பேசப்போவது இதைப் பற்றித்தான். கட்டடங்களில் மின்சாரத்தை நிர்வகிக்கிற அமைப்புகளைப் பராமரிப்பது என் வேலை. எங்க ஆட்கள் பி.எம்.எஸ். என்பார்கள், ஈ.எம்.எஸ். என்பார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: ஒரு பெரிய கட்டடத்தில் எங்கே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்து, தேவைப்படாத இடத்தில் குறைக்கிற ஏற்பாடு.

சில வருஷம் முன்பு பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். கட்டடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஏற்கெனவே நல்ல அமைப்பு இருந்தது. நூற்றுக்கணக்கான சென்சார், பெரிய திரை, கலர் கலராக வரைபடம், எல்லாம் உண்டு. ஆனா பில் மட்டும் குறையவே இல்லை. கூடவே ஒரு நிரந்தரப் புகார்: ஒன்பதாவது மாடியில் மேற்கு மூலை மீட்டிங் ரூம் வேகுது. வாரத்துக்கு மூணு மெயில் வரும்.

நான் போன முதல் நாளே அந்த அறைக்குள் நின்றேன். நின்றதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

என் ஊர் வேதாரண்யம். உப்புக்கும் 1930 உப்பு சத்தியாகிரகத்துக்கும் பேர்போன ஊர். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு, அது பாடப் புத்தகத்தில் வராது. நாங்கள் கடைமடை.

டெல்டா பக்கம் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12 தண்ணீர் திறக்க வேண்டும். அது கல்லணைக்கு வந்து, அங்கேயிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு இன்னும் பலவாகப் பிரியும். ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, கடைசியில் ஒரு வயலின் மடைக்கு வரும். தலைப்பில் இருக்கிற வயல் தலைமடை, கடைசியில் இருப்பது கடைமடை. காவிரி கடலைத் தொடுவதற்கு முன்னால் கடைசியாகத் தொட வேண்டிய நிலம் எங்களுடையது. வேண்டிய என்றுதான் சொல்கிறேன். பல வருஷம் தொடவே இல்லை.

தண்ணீர் சுலபமான வழியில்தான் போகும். தலைமடைக்காரர் வாய்க்காலில் மடையை அகலமாகத் திறந்து வைத்தால் அவர் வயல் முழங்கால் அளவு நிற்கும், நம் வயல் வெடித்துக் கிடக்கும். அப்போ நாம் என்ன கேட்போம்? இன்னும் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிடுங்கள் என்று மேட்டூரைப் பார்த்துக் கேட்போம். அதிகமாகத் திறந்தால் என்ன ஆகும்? தலைமடையில் முழங்கால் அளவு நின்றது இடுப்பளவு ஆகும். நமக்கு வருவது கொசுறு.

மின்சாரத்திலும் இதே கதைதான். 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது சென்னைக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரம் வெட்டு. எங்கள் பக்கம் 10 மணி நேரத்துக்கும் மேல் போனது. கரண்ட் வந்தாலும் லைன் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு வோல்டேஜ் வராது. ட்யூப் லைட் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நான் பள்ளிப் படிப்பை முடித்தது அந்த வெளிச்சத்தில். சரி, அது வேற எபிசோடு.

கட்டடத்துக்கு வருவோம். பெரிய கட்டடங்களில் வீட்டு ஏசி மாதிரி ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெட்டி இருக்காது. அடித்தளத்தில் சில்லர் என்று ஒரு பெரிய இயந்திரம் இருக்கும். அது தண்ணீரைச் சுமார் 7 டிகிரிக்குக் குளிரவைக்கும். பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக மேலே தள்ளும். ஒவ்வொரு மாடியிலும் காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு ஊதுகிற பெரிய பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் இந்தத் தண்ணீர் போய், சூட்டை வாங்கிக்கொண்டு 12 டிகிரி வாக்கில் திரும்பி வரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வால்வு. அந்த மாடி குளிர்ந்துவிட்டால் வால்வு மூடிக்கொள்ள வேண்டும், சூடானால் திறக்க வேண்டும்.

ஆறு, வாய்க்கால், மடை. அப்படியே அச்சு. அடித்தளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற முதல், இரண்டாவது மாடிகள் தலைமடை. ஒன்பதாவது மாடியின் மூலை அறை கடைமடை. சாயங்கால வெயில் நேராக விழுகிற மேற்குப் பக்கம் வேறு.

அந்த அறையில் புகார் வந்ததும் அடித்தளத்தில் இருக்கிற ஆபரேட்டர் என்ன செய்வார்? மேட்டூரைத் திறப்பார். பம்பை முழு வேகத்தில் விடுவார். தண்ணீரை 7-லிருந்து 5½ டிகிரிக்கு இறக்குவார். தண்ணீரை ஒரு டிகிரி கூடுதலாகக் குளிரவைக்க சில்லர் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் அதிகம் மின்சாரம் இழுக்கும். ஒரு அறைக்காக மொத்தக் கட்டடத்துக்கும் இந்தச் செலவு. அந்தக் கூடுதல் குளிர் முதலில் யாருக்குப் போகும்? இரண்டாவது மாடிக்கு. அங்கே சால்வை வரும். ஒன்பதாவது மாடிக்குக் கொசுறு.

நீங்க பையில் எடுத்துப் போகிற ஸ்வெட்டருக்குப் பின்னால் இருக்கிற கதை பெரும்பாலும் இதுதான். எங்கேயோ ஒரு கடைமடை அறை வேகுது.

இப்போ இந்த அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் பார்ப்போம். என் பெரியப்பா அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவர் கூடப் போவேன். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக்கொண்டே போவார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை வற்ற வைக்கும். உப்புச் செறிவு ஏறும். அதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருப்பார், தண்ணீரில் மிதக்கவிட்டால் டிகிரி காட்டும். சூட்டின் டிகிரி கிடையாது, செறிவின் டிகிரி. 24, 25 வரும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் கசப்பு உப்புகளும் சேர்ந்துவிடும், அதனால் அதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். குழாயைப் பார்ப்பார், ஒரு நிமிஷம் யோசிப்பார், மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிடுவார்.

பார்ப்பது, முடிவெடுப்பது, திறப்பது. உலகத்தில் இருக்கிற எவ்வளவு விலை உயர்ந்த கட்டட நிர்வாக அமைப்பை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் இந்த மூன்றுதான் இருக்கும். சென்சார், கணினி, வால்வு.

இந்தத் துறையின் ஆரம்பமே ஒரு பள்ளிக்கூடத்தில்தான். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற ஊரில் வாரன் ஜான்சன் என்று ஒரு ஆசிரியர். குளிர்காலத்தில் ஒவ்வொரு வகுப்பாகக் கட்டடக் காவலாளி நுழைந்து, சூடு சரியா என்று பார்த்துவிட்டுப் போவார். பாடம் நின்றுவிடும். எரிச்சலான ஜான்சன், அறையின் வெப்பநிலையைக் கீழே கொதிகலன் அறைக்குத் தெரிவிக்கிற ஒரு மின்கருவியைச் செய்து 1883-இல் காப்புரிமை வாங்கினார். 1885-இல் நிறுவனம் தொடங்கினார். ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்று இன்றைக்கும் இருக்கிறது.

அந்த முதல் கருவி தகவல் மட்டும்தான் சொன்னது. கேட்டுவிட்டு எழுந்து போய்த் திறப்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டார். 140 வருஷம் ஆகிவிட்டது. நான் போகிற கட்டடங்களில் பாதியில் இன்னும் அங்கேதான் நிற்கிறோம். பார்ப்பதற்குக் கோடிக்கணக்கில் செலவழித்திருப்பார்கள். திறக்கிற இடம் துருப்பிடித்துக் கிடக்கும்.

அந்த ஓ.எம்.ஆர். கட்டடத்தின் திரையை முதலில் பார்த்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ராத்திரி 2 மணிக்கு அந்தக் கட்டடத்தில் ஆள் யாரும் கிடையாது. வரைபடத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. சரி, இரவு ஷிஃப்ட் இருக்கும் போல என்று நினைத்துச் செக்யூரிட்டியிடம் கேட்டேன். "ராத்திரி யாரு சார் வர்றா? பூனைதான் இருக்கு."

கணினியில் தேடினால் நான்கு மாடிகளின் காற்றுப் பெட்டிகள் 'மேனுவல்' என்று கிடந்தன. ஏழெட்டு மாதம் முன்பு ஒரு சனிக்கிழமை ஏதோ நிகழ்ச்சி. அன்றைக்கு ஏசி ஓட வேண்டும் என்று யாரோ கையால் ஓடவிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை அதைத் திரும்ப ஆட்டோவுக்கு மாற்ற மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு இரவும் அந்தப் பூனைக்கு ஏசி.

நீங்க நினைக்கலாம், ஆபரேட்டர் சோம்பேறி என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினேன்.

அங்கே இருந்த அண்ணன் மன்னார்குடிப் பக்கம். ஒப்பந்த வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். பம்ப் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. ஊர் எதுன்னு கேட்டு, வேதாரண்யம்னு சொன்னதும் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"தம்பி, இதை ஆட்டோல விட்டா கரண்ட் மிச்சம். எனக்குத் தெரியாதா? ஆனா ஆட்டோல விட்டு ஒம்பதாவது மாடில ஒரு புகார் வந்துச்சுன்னா, மேல இருந்து போன் எனக்குத்தான் வரும். எனக்கு முன்னாடி இருந்தவரை அப்படித்தான் அனுப்பினாங்க. கரண்ட் மிச்சமாச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் போன் பண்ணதில்ல."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? அவருடைய கணக்கு சரி. குளிர் அதிகமானால் யாரும் வேலையை விட்டுத் தூக்க மாட்டார்கள். சூடானால் தூக்குவார்கள். அவர் இடத்தில் நான் இருந்தாலும் எல்லாவற்றையும் மேனுவலில் போட்டு 5½-இல் வைத்திருப்பேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. அந்தக் கட்டடத்தில் ஏசி செலவு சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணத்தில் சேர்ந்துவிடும். வாடகைக்கு இருக்கிற கம்பெனி எவ்வளவு குறைத்தாலும் அதே தொகைதான். கட்டட உரிமையாளர் அந்தச் செலவை வாடகைதாரர்கள் தலையில் வைத்துவிடுவார். ஆக, மிச்சப்படுத்தினால் லாபம் என்று நினைக்கிற ஆள் கட்டடத்திலேயே கிடையாது. வீட்டு ஏசிக்கு ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து விற்கிற அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் தொடங்க வேண்டும் என்று விதியும் வந்தது. பெரிய வணிகக் கட்டடங்களுக்கு எரிசக்திச் சேமிப்பு விதிமுறை 2007-இலேயே வந்து, 2017-இல் திருத்தப்பட்டது. நல்ல விதிகள்தான். ஆனா அவை அதிகம் கவனிப்பது கட்டடத்தைக் கட்டுகிற நேரத்தை. கட்டி முடித்த பிறகு ராத்திரி 2 மணிக்கு வந்து பார்க்க யார் இருக்கா?

என்ன செய்யலாம் என்று யோசித்தபோது எனக்குக் கைகொடுத்தது கல்லூரிப் பாடம் இல்லை, கஜா.

2018 நவம்பர் 16, அதிகாலை. கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. நான் அப்போ விடுமுறையில் ஊரில் இருந்தேன். காலையில் வெளியே வந்தால் தென்னை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் போயின. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

கரண்ட் இல்லை என்றால் முதலில் போவது தண்ணீர். மோட்டார் ஓடாது. தெருக்காரர்கள் காசு போட்டு மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் எடுத்தோம். சின்ன வண்டியில் வைத்துத் தெரு முனையில் நிறுத்தினார்கள். டீசல் கிடைப்பதே பெரிய பாடு. இருக்கிற டீசலுக்கு எந்த வீட்டு மோட்டார் முதலில் ஓடும் என்று சண்டை வந்துவிட்டது. வண்டி நின்றது முதல் வீட்டு வாசலில். அவர்கள் வயரை மாட்டத் தயாராக இருந்தார்கள்.

பெரியப்பாதான் நிறுத்தினார். "கடைசி வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க."

கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தது, மூச்சுத்திணறல். நெபுலைசர் வைத்தால்தான் தூங்கும். அதுக்காகச் சொல்கிறார் போல என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வயரை இழுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனோம். முதலில் நெபுலைசர், பிறகு தண்ணீர்த் தொட்டி, அது நிறைகிற நேரத்தில் போன்கள் சார்ஜ். பிறகு அடுத்த வீடு. இப்படியே முறை வைத்து முன்னோக்கி வந்தோம்.

ராத்திரி நான் பெரியப்பாவிடம் கேட்டேன், பாட்டிக்காகத்தானே என்று. அவர் சொன்னது: "பாட்டிக்காகவும்தான். ஆனா மொத வீட்டுக்காரன் இருக்கான் பாரு, அவனுக்குக் காசு இருக்கு, வண்டி இருக்கு. அவன் தொட்டி மொதல்ல ரொம்பிடுச்சுன்னா அதோட கதவைச் சாத்திட்டுத் தூங்கிடுவான். கடைசியா வெச்சா, தன் முறை வர்ற வரைக்கும் டீசலுக்கு அவன்தான் அலைவான்."

அப்படியே நடந்தது. முதல் வீட்டு மாமா தன் மோட்டார் சைக்கிளில் எங்கெங்கோ போய் டீசல் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் ஜெனரேட்டர் ஒரு நாளும் பாதியில் நிற்கவில்லை.

அதனால் அந்தக் கட்டடத்திலும் ஒன்பதாவது மாடியிலிருந்து ஆரம்பிப்போம் என்று சொன்னேன். நிர்வாகத்தில் ஒருத்தர் சில்லரை மாற்றலாமா, புது மென்பொருள் வாங்கலாமா என்று கேட்டார். முதலில் அந்த மூலை அறையைச் சரிசெய்வோம், பிறகு பேசுவோம் என்றேன்.

மன்னார்குடி அண்ணனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாவது மாடியின் காற்றுப் பெட்டியைத் திறந்தோம். தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் ஒரு வடிகட்டி இருக்கும். கழற்றிப் பார்த்தால் துரு, வெல்டிங் துகள், சேறு எல்லாம் அடைத்துக் கெட்டியாகிக் கிடந்தது. கட்டடம் கட்டின நாளிலிருந்து அதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. அண்ணன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தூர் வாரவே இல்ல தம்பி" என்றார். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாருங்கள் என்று வருஷா வருஷம் கத்துகிற ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் அடித்தளமும் ஒன்பதாவது மாடியுமாக ஏறி இறங்கிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தலைமடை. முதல் மூன்று மாடிகளின் வால்வுகள் முழுக்கத் திறந்தபடி சிக்கிக் கிடந்தன. கணினி மூடச் சொல்லும், வால்வு அசையாது. திரையில் மட்டும் மூடியிருப்பதாகக் காட்டும். அதனால்தான் சொல்கிறேன், திரையை முழுசாக நம்பாதீங்க, ஒரு தடவை போய்க் கையால் தொட்டுப் பாருங்க. இரண்டு வால்வின் மோட்டாரை மாற்றினோம், ஒன்றைப் பழுது பார்த்தோம். ஒவ்வொரு மாடிக்கும் எவ்வளவு தண்ணீர் போக வேண்டுமோ அதற்கு மேல் போகாதபடி சமன்செய்கிற வால்வுகளைத் திருகி அளவு வைத்தோம். இது கட்டடம் திறக்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை. திறப்பு விழா அவசரத்தில் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். மூலை அறையின் சென்சார் டி.வி.க்குப் பின்னால் இருந்தது, டி.வி. சூட்டை அளந்துகொண்டிருந்தது. அதை எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் கணினிக்கு வேலை கொடுத்தோம். பம்பின் வேகத்தை எதை வைத்து முடிவு செய்வது? எந்த மாடியின் வால்வு எல்லாவற்றையும்விட அதிகமாகத் திறந்திருக்கிறது என்று அமைப்பு சில நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கும். அந்த வால்வே பாதிதான் திறந்திருக்கிறது என்றால் எல்லோருக்கும் தேவைக்கு மேல் போகிறது, பம்பைக் கொஞ்சம் மெதுவாக்கு. அது முழுக்கத் திறந்துவிட்டது என்றால் யாருக்கோ போதவில்லை, கொஞ்சம் வேகமாக்கு. அதாவது பம்பின் வேகத்தைத் தீர்மானிப்பது கடைமடை. இந்த யுக்தி எங்கள் துறையில் பழசுதான். ஆனால் கடைமடையில் ஒரு அடைப்பு இருந்தால் அந்த வால்வு எப்போதும் முழுக்கத் திறந்தே நிற்கும், கணினி பம்பை எப்போதும் முழு வேகத்திலேயே ஓட்டும். எவ்வளவு புத்திசாலி மென்பொருளானாலும் ஒரு அடைத்த வடிகட்டி அதைத் தோற்கடித்துவிடும்.

பம்பை மெதுவாக்கினால் என்ன பெரிய மிச்சம் என்று கேட்பீங்க. பம்ப், ஃபேன் இரண்டிலும் ஒரு அழகான கணக்கு இருக்கு. வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் அதன் மூன்றாம் படியில் குறையும். வேகம் 80 சதவீதம் என்றால், 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்க, 0.512. அதாவது தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதி. நடைமுறையில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனாலும் பெரிசு. எப்போதும் 50 ஹெர்ட்ஸில் ஓடிய அந்தக் கட்டடத்தின் பம்ப் பெரும்பாலான நேரம் 40-ஐ ஒட்டி வந்து நின்றது. சில்லர் திரும்ப 7 டிகிரிக்குப் போனது. ராத்திரிக் கோடு பள்ளத்தில் விழுந்தது. பூனை என்ன ஆனதுன்னு தெரியல.

ஒரு சின்ன விஷயம், ஆனா காசு விஷயம். பெரிய கட்டடங்களுக்கு யூனிட்டுக்கு மட்டும் பில் வராது. அந்த மாதத்தில் ஒரு தடவை எவ்வளவு உச்சத்துக்குப் போனீர்கள் என்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. அந்தக் கட்டடத்தில் காலையில் எல்லாப் பெட்டிகளையும் இரண்டு சில்லரையும் ஒரே நேரத்தில் போடுவார்கள். கூரை வரைக்கும் ஒரு உச்சம். எங்களூரில் தண்ணீர் குறைவான வருஷத்தில் முறைப்பாசனம் வைப்பார்கள். இந்த ஆற்றுக்குச் சில நாள், அந்த ஆற்றுக்குச் சில நாள். அதே மாதிரி மாடிகளுக்கு முறை வைத்தோம். யாருக்கும் எதுவும் குறையவில்லை, உச்சம் மட்டும் தணிந்தது. எந்த மாடி முதலில் என்று நீங்களே யூகிச்சிருப்பீங்க.

நிர்வாகத்திடம் கடைசியாக ஒன்று கேட்டேன். வாராந்திர அறிக்கையில் இருபது பக்கம் வரைபடம் வேண்டாம். முதல் வரியில் இரண்டே எண்கள்: மூலை அறையின் மாலை 4 மணி வெப்பநிலை, ராத்திரி 2 மணி கிலோவாட். ஒரு எண் வசதிக்கு, இன்னொன்று செலவுக்கு. இரண்டுக்கும் பக்கத்தில் அந்த வாரம் ஷிஃப்டில் இருந்தவர்களின் பெயர். நல்ல எண் வந்தாலும் அவர்கள் பெயர்தான் போக வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ள வைக்க வால்வு மாற்றியதைவிட அதிக நாள் ஆனது.

முழுசாக வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் கழித்துப் போனேன். பராமரிப்பு ஒப்பந்தம் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தது. அந்த இரண்டு எண்களை அனுப்புவது நின்றிருந்தது. இரண்டு மாடிகள் திரும்பவும் மேனுவல். ஐந்தாவது மாடியில் யாரோ பெரியவருக்குக் குளிர் போதவில்லையாம். புது ஆபரேட்டர் பையனுக்கு அந்த வடிகட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், கழற்ற வைத்தேன். பாதி அடைத்திருந்தது.

மன்னார்குடி அண்ணன் இப்போ வேறொரு கட்டடத்தில். போன வாரம் போன் பண்ணினார். "தம்பி, இங்க பதினாலு மாடி. வந்த மொத நாளே கடைசி மாடிக்குப் போயிட்டேன். ரெண்டு வடிகட்டியும் சிமென்ட் மாதிரி இருக்கு, எப்ப வர்றீங்க?"

அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒன்று. இன்றைக்கு ராத்திரி தூங்குவதற்கு முன்னால் மீட்டரைப் போட்டோ எடுங்க, காலையில் எழுந்ததும் இன்னொரு போட்டோ. ஏசி போடாத ஒரு ராத்திரியில் செய்யுங்க. ஃப்ரிட்ஜும் ஃபேனும் தின்றது போக மீதி எங்கே போகிறது என்று தேடிப் பாருங்க. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடும் என்பது நம்மூர் பில்லின் கணக்கு. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கு இந்த ராத்திரி மீதி முக்கியம். அபார்ட்மென்ட் என்றால் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிகிற சத்தத்தையும் கொஞ்சம் கேளுங்க.

உங்க ஆபீஸில் எந்த மாடியில் சால்வை, எந்த மூலையில் டேபிள் ஃபேன் என்று எனக்கு எழுதி அனுப்புங்க. ஃபேன் இருக்கிற மூலை எந்தத் திசையைப் பார்த்திருக்கு, குளிர் இயந்திரம் மொட்டை மாடியிலா அடித்தளத்திலா என்பதையும் சேர்த்து எழுதுங்க. அதை வைத்து அடுத்த தடவை பேசலாம்.